ஒழுகுகிற வேனுக்கு எந்த ஆயில்

எங்கள் வீட்டு வாசல் சிமெண்ட் தளத்தில் ஆட்டுக்கல் அகலத்துக்கு ஒரு கறுப்பு வட்டம் இருக்கிறது. சோப்புத் தூள் போட்டுத் தேய்த்தாயிற்று, மண்ணெண்ணெய் ஊற்றியும் பார்த்தாயிற்று, போகவில்லை. அதற்கு இடம் விட்டுக் கோலம் போட என் மனைவி பழகிக்கொண்டாள். அந்த இடத்தில்தான் பதினோரு வருடம் என் வேன் நின்றது.

வேனை வாங்கும்போதே அது இரண்டு கை மாறி வந்த வண்டி. டீசல் வேன். எஞ்சின் டிரைவர் சீட்டுக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில், ஒரு மூடிக்குக் கீழே இருக்கும். என் கைக்கு வந்த மூன்றாம் வருடம் ஒழுக ஆரம்பித்தது. முதலில் சொட்டு, பிறகு சொட்டுகள், பிறகு நிறுத்தும் இடத்தில் அடியில் ஒரு பழைய தட்டை வைக்க வேண்டியதாகிவிட்டது. ஒரு நாள் மனைவி அந்தத் தட்டைக் கவிழ்த்துவிட்டு வந்து சொன்னாள்:

"பச்சப் புள்ளகூட மூணு வயசுல நிறுத்திரும். உங்க வண்டிக்கு இருவது வயசாச்சு, இன்னும் படுத்த எடத்துலயே போவுது."

நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவன். எஞ்சினைப் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் பிறர் வாயால் கேட்டதுதான். யாராவது ஒரு விஷயத்தை நறுக்கென்று சொல்லிவிட்டால் அன்று முழுக்க அது என் வாயில் கிடக்கும். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பேன். இதை எழுத உட்காரும்போதும் என்ன நடந்தது என்பதைவிட யார் என்ன சொன்னார்கள் என்பதுதான் முதலில் ஞாபகம் வருகிறது.

அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கிருந்து தினமும் காலையில் பன்னிரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு செட்டிகுளம் பக்கம் ஒரு வெங்காய மண்டிக்குப் போவேன். சின்ன வெங்காயத்தின் தாளையும் வேரையும் அறுத்துத் தரம் பிரிக்கிற வேலை அவர்களுக்கு. சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவேன். நான்கு வருடமாக அதுதான் என் ஒரே ட்ரிப். புரட்டாசி சனிக்கிழமைகளில் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்குக் குடும்பம் குடும்பமாக ஏற்றிக்கொண்டு போனதெல்லாம் ஒரு காலம். இப்போது கோயிலுக்குப் போகிறவர்கள் ஏசி வண்டி கேட்கிறார்கள்.

போன வருடம் ஆடி மாதம் மண்டிக்காரர் போன் செய்தார். அந்த வாரத்தில் ஒரு நாள் வழியில் ஆயில் இறங்கிப்போய் முக்கால் மணி நேரம் தாமதமாகியிருந்தது.

"நாலு வருஷமா நீங்க ஓட்டுறீங்க, அந்தப் பழக்கத்துக்காகச் சொல்றேன். ஒரு நாள் லேட்டுன்னா பரவால்ல. ரெண்டாவது நாள் லோடு ஏத்த வந்த லாரிக்காரன் என் மூஞ்சில கத்துவான். மூணாவது நாள் நான் வேற வண்டி வச்சிருவேன். தப்பா நெனக்காதீங்க."

தப்பாக நினைக்கவில்லை. ஆனால் எனக்கு வயது ஐம்பத்தொன்பது. இடது முட்டி கிளட்ச் மிதித்தே தேய்ந்தது. புது வண்டி வைத்திருக்கிறவர்கள் யாரும் என்னை டிரைவராகக் கூப்பிடப் போவதில்லை. இந்த ட்ரிப் போனால் எனக்கு வேறு ட்ரிப் கிடையாது. அது எனக்கும் தெரியும், மண்டிக்காரருக்கும் தெரியும், வேனில் வருகிற பன்னிரண்டு பேருக்கும் தெரியும்.

மறுநாளே அரியலூர் பைபாஸ் ஓரம் இருக்கிற மெக்கானிக்கிடம் போனேன். சாக்கை விரித்து வேனுக்கு அடியில் படுத்தார். என்னைவிட இருபது வயது சின்னவர், ஆனால் பேச்சில் ஒரு கிழவர் இருப்பார். அடியிலிருந்தே குரல் வந்தது.

"என்னண்ணே, எஞ்சினுக்கு சிமெண்டு பூசி வச்சிருக்கீங்க?"

எங்கள் ரோட்டில் நாள் முழுக்கச் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும். அந்தத் தூசியில்தான் நாங்கள் எல்லோரும் இருக்கிறோம். வேப்ப மரமே வெள்ளையாகத்தான் இருக்கும். ஒழுகுகிற ஆயிலில் அந்தத் தூசி வந்து ஒட்டி, அதன்மேல் ஆயில் ஊறி, அதன்மேல் மறுபடி தூசி விழுந்து, எஞ்சினுடைய பக்கமும் அடியும் முழுக்கக் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு காரை போலப் பிடித்துக் கிடந்தது. அவர் ஸ்க்ரூ டிரைவரால் ஓர் ஓரத்தைச் சுரண்டினார். சின்னத் துண்டு பெயர்ந்தது. பெயர்ந்த இடத்தில் உடனே ஆயில் கசிந்தது. அவர் அவசரமாக அந்தத் துண்டை எடுத்து அதே இடத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். பிறகு வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"இத மட்டும் தொடாதீங்கண்ணே. உள்ள ஆயில அடைச்சு நிக்கிற பேக்கிங்கெல்லாம் செத்து ரொம்ப நாளாச்சு. இப்ப இந்த அழுக்குதான் பேக்கிங்கு."

"முழுசா எறக்கிப் பாத்துட்டா?"

"எறக்கலாம். திருச்சில தேடி சாமான் வாங்கி முடிக்க ரெண்டு வாரம் ஆவும். ஆனா இந்த எஞ்சினுக்கு சிலிண்டரக் கடஞ்சு போர் போட்டு போட்டு கடைசி சைஸுக்கு வந்தாச்சு. இனிமே தேய்க்கிறதுக்கு இரும்பு இல்ல. உங்களுக்குச் செலவு வச்சுட்டு நானும் பொய் சொல்லணும்."

இரண்டு வாரம் வேன் நின்றால் மண்டிக்காரருக்கு மூன்றாவது நாள் என்பது நான்கு முறை வந்துவிடும். அதனால் எஞ்சினை இறக்கவில்லை. இனி ஆயிலை மாற்றிப் பார்ப்பது ஒன்றுதான் வழி என்று ஆயிற்று.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பாய் ஆயில் கடை வைத்திருக்கிறார். ஒல்லியான மனிதர், வெள்ளைத் தொப்பி, கடையில் எவ்வளவு ஆயில் இருந்தாலும் அவர் சட்டையில் ஒரு சொட்டு இருக்காது. நான் எப்போதும் வாங்குகிற ஆயிலைக் கேட்டதும் அவர் எடுத்துத் தரவில்லை. டப்பாவின் முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"இந்த ரெண்டு நம்பரும் என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

பதினைந்து, நாற்பது என்று போட்டிருந்தது. முப்பது வருடமாக ஊற்றுகிறேன், தெரியாது என்றேன்.

"முன்னாடி நம்பரு, காலைல எந்திரிச்சதும் ஆயில் எப்படி ஓடும்னு சொல்றது. பின்னாடி நம்பரு, எஞ்சின் நல்லா கொதிச்ச பெறவு எவ்வளவு கெட்டியா நிக்கும்னு சொல்றது. நம்ம ஊருக்குப் பனியா பெய்யுது? உங்க வண்டி காலைல சாவல, மத்தியானம்தான் சாவுது. பின்னாடி நம்பர் பெருசா உள்ளத ஊத்துங்க."

இருபதுக்கு ஐம்பது என்று போட்ட டப்பாவை எடுத்து வைத்தார். அவர் தலைக்கு மேலே அலமாரியில் வண்ண வண்ணமாகச் சின்னப் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. ஒன்றில் ஒரு சொட்டு ஆயிலுக்குக் குறுக்கே கோடு போட்ட படம். ஒழுகுவதை நிறுத்துகிற மருந்து. அதைக் காட்டினேன்.

"அது ரப்பர் சீலுக்கு. காஞ்சு சுருங்கின ரப்பர ஊற வச்சு உப்ப வைக்கும். பேப்பர் பேக்கிங் கிழிஞ்சிருந்தா அது ஒண்ணும் பண்ணாது. உள்ள இரும்பே தேஞ்சிருந்தா அல்லாகிட்ட துஆதான் செய்யணும், அதுக்கு என் கடைல பாட்டில் இல்ல." சிரித்தார். "மொதல்ல ஆயில் மட்டும் மாத்துங்க. ஒரே நாள்ல மூணு டாக்டர்ட்ட போனா எந்த மாத்திரைல வாந்தி வந்துச்சுன்னு தெரியாம போயிரும்."

அந்த வாசகத்தைச் சொல்லிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன்.

கெட்டி ஆயில் ஊற்றியதில் பலன் இருந்தது, மறைப்பானேன். நின்றுபோகவில்லை, ஆனால் தட்டு நிறைய மூன்று நாள் பிடித்தது. மெதுவாகப் போகும்போது, ஆயில் போதவில்லை என்று மினுக்கிக்கொண்டிருந்த ஆயில் லைட் அணைந்துவிட்டது. ஆவணி முழுக்க ஒரு நாள்கூட நான் தாமதமாகப் போகவில்லை. வண்டி பின்னால் விடுகிற புகை மட்டும் குறையவில்லை. அதற்கு எந்த ஆயிலும் மருந்து கிடையாது என்று பாய் முன்பே சொல்லிவிட்டார்.

என் பக்கத்து சீட்டில் எப்போதும் உட்காருகிறவர் அந்தப் பன்னிரண்டு பேரில் மூத்தவர். எல்லோரும் பெரியக்கா என்போம். எஞ்சின் மூடி சூடாக இருக்கும் என்று மற்றவர்கள் அந்த இடத்துக்கு வர மாட்டார்கள். அவர் வலது காலை மூடியோடு ஒட்டி வைத்துக்கொண்டு, "எனக்கு முட்டிக்கு ஒத்தடம் தம்பி, ஆஸ்பத்திரில இதுக்கு வரிசைல நிக்க வைக்கிறான்," என்பார். கடைசி சீட்டில் சின்ன வயசுப் பெண் ஒருத்தி, கல்யாணமாகி இரண்டு வருடம். அவள் வாய் நிற்காது.

"அண்ணே, வூட்டுல கொசுவத்தி வாங்குறத நிறுத்திட்டேன்."

"ஏன்?"

"சாயங்காலம் என் சீலய ஒதறுனா போதும், தெருக் கொசுவே செத்துரும்."

பெரியக்கா திரும்பாமலே சொன்னார்: "ஏண்டி கொற சொல்ற. மத்தவன் வண்டிக்கு ஆரன் அடிச்சாத்தான் தெரியும். நம்ம தம்பி வண்டி வர்றத பொகயே முன்னால வந்து சொல்லிரும். நான் அதப் பாத்துட்டுத்தான் சோத்த டப்பால போடுவேன்."

என்னைப் பற்றி யாராவது நல்லதாகச் சொல்லியிருக்கிறார்களா என்று யோசித்தால் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

இனிமேல்தான் நான் செய்தது.

எங்கள் பக்கம் ஆயுத பூஜைக்கு வண்டி கழுவாமல் இருப்பது என்பது கிடையாது. வண்டி ஓடாமல் கிடந்தாலும் கழுவுவார்கள். ஒவ்வொரு வருடமும் அந்தப் பன்னிரண்டு பேரும் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். பொரி, கடலை, வாழைப்பழம் கொண்டுவருவார்கள். ஸ்டியரிங், சக்கரம், சாவி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த பிறகு நடுவில் இருக்கும் மூடியைத் திறக்கச் சொல்லி எஞ்சினுக்கும் வைப்பார்கள். அது அவர்களாக ஆரம்பித்த வழக்கம். சோறு போடுகிறது அதுதானே, வெளியே இருக்கிற தகரம் இல்லையே என்று பெரியக்காவின் கணக்கு. முந்தின வருடம் மூடியைத் திறந்ததும் சந்தனம் அந்த அழுக்கில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு விழுந்தது. அப்போது பெரியக்கா சொன்னார்:

"மூஞ்சிய மட்டும் பவுடர் போட்டு வச்சிருக்க தம்பி. வவுத்த இப்புடி வச்சிருந்தா சாமி எங்க குந்தும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். ஆனால் ஒரு வருடமாக அது எனக்குள் கிடந்தது. நல்ல வார்த்தைகள் கிடக்கிற அதே இடத்தில்தான் இதுவும் கிடக்கும் போல.

பூஜைக்கு முந்தின நாள் பெரம்பலூரில் வாட்டர் சர்வீஸில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு புது வேன், பின்னால் ஒரு பள்ளிக்கூட பஸ். மெக்கானிக் சொன்னது எனக்கு மறந்துபோகவில்லை. மறந்துபோயிற்று என்று இத்தனை நாளில் இரண்டு மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன், அது பொய். வெளியே மட்டும் அடிக்கச் சொல்லலாம் என்றுதான் போனேன். தண்ணீர் அடிக்கிறவர் பைப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"கீழ எஞ்சின்ல டீசல் அடிச்சு வுடவாண்ணே? பூஜைக்கு எல்லாரும் அடிக்கிறாங்க."

பின்னால் பஸ் டிரைவர் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் மூடியைத் திறந்ததும் பன்னிரண்டு முகம் எட்டிப் பார்க்கும்.

"அடிங்க," என்றேன்.

டீசல் பட்டதும் அது ஊறியது. பிறகு தண்ணீரின் வேகத்தில் கட்டி கட்டியாக விழுந்தது. எட்டு வருட ரோட்டுத் தூசி வாய்க்காலில் சாம்பல் நிறச் சேறாக ஓடியது. எல்லாம் போன பிறகு பார்த்தால் எஞ்சின் பச்சை நிறம். எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஓர் ஓரத்தில் எஞ்சின் நம்பர்கூட எழுந்து நின்றது, விரலால் தடவிப் பார்த்தேன். அந்த ஒரு நாள் நான் ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

மறுநாள் சந்தனம் ஒட்டியது. பெரியக்கா மூன்று இடத்தில் வைத்தார். கடைசி சீட்டுப் பெண் அதைப் போனில் படம் எடுத்து, "பொண்ணு பாக்க வர்றவங்களுக்கு அனுப்பலாம்போல இருக்குண்ணே," என்றாள். பூசணிக்காய் உடைத்து, நான்கு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்கி, தெரு முனை வரைக்கும் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினேன். விஜயதசமிக்கும் மண்டி விடுமுறை. அதற்கடுத்த நாள் விடிந்து வாசலுக்கு வந்தபோது தட்டு நிறைந்து, தளத்தில் வழிந்து, கோலத்துக்குள் ஓடியிருந்தது. டிப் ஸ்டிக்கை உருவினேன். நுனியில் மட்டும் ஒரு பொட்டு ஆயில்.

மெக்கானிக் இந்த முறை சாக்கை விரிக்கவில்லை. குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"யாருண்ணே கழுவச் சொன்னா?"

"பூஜை…"

"சாமிக்கு அழுக்கு ஆவாதுன்னு உங்கள்ட்ட வந்து சொல்லுச்சா?"

கசிவை அடைக்கிற பேஸ்ட் போட்டுப் பார்த்தார். ஆயில் ஈரத்தில் ஒட்டவில்லை. துடைத்துத் துடைத்துப் போட்டார், மூன்று இடத்தில் போட்டால் நான்காவது இடத்தில் வந்தது. கடைசியில் துணியைக் கீழே போட்டுவிட்டார். "ஆயில் மேல எதுவும் ஒட்டாதுண்ணே. தூசிதான் ஒட்டுச்சு. அதுக்கும் நீங்க எட்டு வருஷம் டயம் குடுத்திருந்தீங்க."

அவர் வருத்தத்தில் சொன்னதை நான் யோசனையாக எடுத்துக்கொண்டேன். தூசிதானே, திரும்ப வராதா என்று. அடுத்த ஒரு வாரம் நான் வேண்டுமென்றே சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னாலேயே வேனை ஓட்டினேன். தார்ப்பாய் சரியாக மூடாத லாரியாகப் பார்த்து, அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு போவேன். வேனுக்குள் வெள்ளையாகப் புகுந்தது. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"அண்ணே, முந்துங்கண்ணே. ரோடு காலியாத்தான கெடக்கு."

"வேகமா போவ வேணாம்மா, எஞ்சின் தாங்காது."

"அதுக்கு ஏன் அவன் பின்னாடியே மோந்துகிட்டு போறீங்க? அவன் என்ன உங்களுக்கு மாமன் மச்சானா?"

பெரியக்கா இருமிக்கொண்டே, "பவுடர் போட்டு வுடுறான்டி, சும்மா வா," என்றார். என்ன சொல்வது? நீங்கள் பொட்டு வைக்கத்தான் கழுவினேன் என்றா?

தூசி கொஞ்சம் ஒட்டத்தான் ஆரம்பித்தது. குனிந்து பார்த்தால் பச்சையின் மேல் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். அதற்குள் ஐப்பசி மழை வந்துவிட்டது. ரோடெல்லாம் கழுவி விட்ட மாதிரி ஆனது. வேப்ப மரங்கள்கூடப் பச்சையாக நின்றன. ஊரே மழையைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. நான் ஒவ்வொரு நாள் காலையும் குனிந்து பார்த்துவிட்டு எழுந்தேன்.

இரண்டு முறை தாமதமாகிவிட்டது. மண்டிக்காரர் போன் செய்யவில்லை. செய்யாமல் இருந்ததுதான் பயமாக இருந்தது.

பாயிடம் போய் அந்தச் சின்னப் பாட்டிலைக் கேட்டேன். எடுத்துக் கொடுத்தார். கழுவிய கதையையும் சொன்னேன். அவர் ஒருவரிடம்தான் முழுதாகச் சொன்னேன். "இன்ஷா அல்லா, சீல்ல வர்றது கொஞ்சம் கொறயலாம். மத்ததுக்கு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்," என்றார். ஊற்றினேன். நூறு இருநூறு கிலோமீட்டர் ஓடினால்தான் தெரியும் என்று பாட்டிலில் போட்டிருந்தது. நான்கு நாளில் அதுவும் ஓடிவிட்டது. ஒழுகுவது ஒரு பக்கம் மட்டும் குறைந்த மாதிரி இருந்தது. அது குறைந்ததா, நான் குறைந்ததாகப் பார்த்தேனா என்று இன்றைக்கும் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் டீக்கடையில் ஒரு லாரி டிரைவர், வேனுக்கு அடியில் இருந்த தட்டையும் என் முகத்தையும் பார்த்துவிட்டு, கியர் பாக்ஸுக்கு ஊற்றுகிற தொண்ணூறாம் நம்பர் ஆயிலை ஒரு லிட்டர் கலந்து விடச் சொன்னார். "பசையாட்டம் நிக்கும். எங்க லாரி செட்ல எல்லாருமே பண்றதுதான்." நான் மறுபடியும் பாய் கடைக்குப் போனேன்.

தொண்ணூறு கேட்டதும் பாய் டப்பாவை எடுத்தார், ஆனால் கையை விடவில்லை.

"கியர் பாக்ஸுக்கா, எஞ்சினுக்கா?"

"கியர் பாக்ஸுக்குத்தான் பாய்."

அவர் என்னைப் பார்த்தார். "எஞ்சினுக்குன்னா நான் குடுக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"கியர் பாக்ஸுக்குத்தான்."

கையை விட்டார்.

அதைக் கலந்த பிறகு உண்மையாகவே ஒழுகுவது குறைந்தது. தட்டில் அரைவாசி. வீட்டில் மனைவிகூட, "என்ன, புத்தி வந்துருச்சா அதுக்கு?" என்று கேட்டாள். காலையில் ஸ்டார்ட் செய்தால் மட்டும் கொஞ்ச நேரம் கல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும், பிறகு சரியாகிவிடும். ஆயில் லைட் திரும்பவும் மினுக்க ஆரம்பித்தது. டிப் ஸ்டிக்கில் ஆயில் நிறைய இருக்கிறது. பிறகு ஏன் லைட் எரிய வேண்டும்? வயரில்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். எனக்கு அப்படித்தான் முடிவு கட்ட வேண்டியிருந்தது.

கார்த்திகை தொடக்கத்தில் ஒரு காலை. ஆலத்தூர் கேட் தாண்டி செட்டிகுளம் ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். பெரியக்கா மூடியிலிருந்து காலை எடுத்துவிட்டார்.

"தம்பி, இன்னிக்குச் சூடு வேற மாரி இருக்கு. சட்டி வச்சா சோறு பொங்கிரும்."

"மேடு ஏறி வந்துச்சுல்ல, அதான்க்கா."

"மேடு தெனந்தான் ஏறுது."

நிறுத்தியிருக்கலாம். மணியைப் பார்த்தேன். அன்று தாமதமானால் மூன்றாவது நாள்.

இரண்டு கிலோமீட்டர்கூடப் போகவில்லை. உள்ளே யாரோ சுத்தியலால் அடிக்கிற மாதிரி நான்கைந்து அடி. பிறகு வேன் தானாகவே பிடித்துக்கொண்டு நின்றது. சாவியைத் திருப்பினால் டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எங்களுக்குப் பின்னால் வந்த புகை மெதுவாக எங்களைத் தாண்டிப் போயிற்று.

ஒவ்வொருவராக டிபன் தூக்குகளை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். கடைசி சீட்டுப் பெண்கூடப் பேசவில்லை. அரை மணி நேரத்தில் மண்டியிலிருந்து ஒரு வெள்ளை வேன் வந்தது. அவ்வளவு சீக்கிரம் வந்ததில்தான் எனக்குப் புரிந்தது, மண்டிக்காரர் முன்பே பேசி வைத்திருக்கிறார். பெரியக்கா கடைசியாக ஏறினார். ஏறுவதற்கு முன்னால் என் வேனின் கதவைத் திறந்து, நடு மூடி மேல் காய்ந்திருந்த குங்குமத்தை ஒரு விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார்.

மெக்கானிக் கட்டி இழுத்துக்கொண்டு போய் அடியில் ஆயில் தேங்குகிற சேம்பரைக் கழற்றினார். உள்ளே ஆயிலை உறிஞ்சுகிற வாயில் ஒரு சல்லடை இருக்கும். அதைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கறுப்புப் பசை, கெட்டித் தயிர் மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. டப்பா டப்பாவாக ஆயில் இருந்தும் எஞ்சினுக்கு ஒரு வாய் ஏறவில்லை. பேரிங் உருகி, எஞ்சினுக்குள் சுழலும் கிராங்கைப் பிடித்திருந்தது.

"தொண்ணூறு ஊத்துனீங்களா?"

நான் சல்லடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பசியோட செத்திருக்குண்ணே, சோத்துப் பானைக்கு முன்னாடி உக்காந்துகிட்டு," என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. இந்த வாசகத்தை நான் திரும்பச் சொல்லிப் பார்க்கவில்லை. தானாகவே அது வந்துகொண்டிருந்தது.

வேனைத் தை மாதம் பழைய இரும்புக்கு உடைக்கக் கொடுத்தோம். வந்தவர்கள் சங்கிலி போட்டு லாரியில் ஏற்றினார்கள். மனைவி தட்டை எடுத்து விளக்கினாள். எதற்கும் ஆகாது என்று வெளியே வைத்துவிட்டாள்.

அதன் பிறகு காலையில் எங்கள் ஊர் நிறுத்தத்தில் வெள்ளை வேன் வந்து நிற்கும். அந்த நேரத்துக்கு நான் டீக்கடைப் பக்கம் போவது வழக்கமாகிவிட்டது, நிறுத்திக்கொள்ளவும் முடியவில்லை. ஒரு நாள் பெரியக்கா வேனைத் தவறவிட்டுவிட்டு மூச்சு வாங்க வந்து நின்றார்.

"என்னக்கா, லேட்டு?"

"அந்த வண்டி வர்றதே தெரிய மாட்டேங்குது தம்பி. பொக இல்ல, சத்தம் இல்ல, பூன மாரி வந்து பூன மாரி போயிருது. இந்த மாசத்துல இது மூணாவது தடவ. இனிமே என்ன ஏத்த மாட்டேன்னு சொல்லிட்டானாம் டிரைவரு." கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார். "ஒத்தடமும் இல்ல."

நான் என்னைப் பற்றி யோசித்த நேரமெல்லாம் இவரைப் பற்றி யோசித்ததில்லை.

கடைசி சீட்டுப் பெண்ணோடு அதற்குப் பிறகு ஒரு முறைதான் பேச வாய்த்தது. வேன் வந்து மற்றவர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"நல்லாத்தானண்ணே பூஜ போட்டோம். எம்புட்டுப் பளபளன்னு கழுவி வச்சிருந்தீங்க. எவ கண்ணோ பட்டுருச்சு."

"கண்ணுதான்மா," என்றேன்.

"அண்ணே, எங்க வூட்டுக்காரரு பழைய டெம்போ ஒண்ணு எடுத்திருக்காரு. அதுவும் ஒழுவுது. என்ன ஆயில் ஊத்துறதுன்னு உங்கள்ட்ட கேக்கச் சொன்னாரு."

ஆறு மாதமாக என்னிடம் யாரும் எதையும் கேட்டிருக்கவில்லை. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். டப்பாவில் இரண்டு நம்பர் இருக்கும், பின்னாடி நம்பர் பெரிசாகப் பார்த்து வாங்கச் சொல்லு என்றேன். சின்னப் பாட்டில் ரப்பருக்கு மட்டும்தான் என்றேன். தொண்ணூறு யார் சொன்னாலும் ஊற்றவே கூடாது என்றேன். அவள் விரல் விட்டு ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பாள். எப்படிச் சொல்லுவது என்று நான் வாயைத் திறந்து யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் வேன் டிரைவர் ஹாரன் அடித்தார்.

"வரேண்ணே, மறக்காம சொல்லிர்றேன்," என்று ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து வெள்ளை வேன் ஊருக்குள் வருவதில்லை. நேரம் மிச்சம் என்று மெயின் ரோட்டிலேயே நிற்கிறது, எல்லோரும் அங்கே நடந்து போகிறார்கள். என் முட்டிக்கு அது தூரம். புரட்டாசி பிறந்துவிட்டது. இன்னும் சில நாளில் வாட்டர் சர்வீஸ்களில் வரிசை நிற்கும். அந்த டெம்போவும் அதில் நிற்கும்.